பட்டத்துக்கு உரிய பணி: அக்கான் மக்களின் தலைமை முறையும் நம் சங்கங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலயங்களும் சங்கங்களும் மேடைதோறும் வழங்கிவரும் பட்டங்களைப் பற்றி உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பட்டம் கொடுக்கும் வழக்கத்தையே அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். உழைத்தவரை வாழும்போதே கௌரவிப்பதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள் மறுசாரார். இரு தரப்பினரும் பட்டம் பெறுகிறவருக்குத் தகுதி உண்டா என்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். பட்டம் பெற்றவர் மறுநாள் காலையிலிருந்து செய்ய வேண்டிய வேலை என்ன, அதைச் செய்யாவிட்டால் அவரைத் தட்டிக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை இதுவரை யாரும் எழுப்பவில்லை. இந்தக் கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாக விரிவான விடை வைத்திருப்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள். பினாங்கில் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவர்களுடைய தலைமைப் பதவிகளைப் பற்றி நான் அறிந்ததை நம் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இன்றைய கானா நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் அக்கான் இனத்தவர். அண்டை நாடான ஐவரி கோஸ்டிலும் அவர்கள் வாழ்கிறார்கள். அசாந்தே, ஃபான்டே, அச்சிம், அக்குவாப்பெம், போனோ, க்வாஹு எனப் பல பிரிவுகள் அவர்களுக்குள் உண்டு. அந்த நாட்டுக்கும் நமக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் கானா பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்றது 1957 மார்ச் 6. மலாயா விடுதலை பெற்றது அதே ஆண்டு ஆகஸ்டு 31. நம் பெற்றோர் தோட்டங்களில் குலை வெட்டிச் சுமந்த செம்பனையின் பூர்வீகமும் மேற்கு ஆப்பிரிக்காதான்.

அக்கான் மக்களிடம் தலைமை என்பது குடும்பத்திலிருந்தே தொடங்குகிறது. தாய்வழிக் குடும்பத்தை அபுசுவா என்பார்கள். அதன் மூத்தவரான அபுசுவாபன்யின் குடும்பச் சொத்தைக் காப்பவர், ஈமக் கடன்களை முன்னின்று நடத்துபவர், உறவினருக்குள் எழும் வழக்கை வீட்டுக்குள்ளேயே தீர்த்து வைப்பவர். சிற்றூருக்கு ஒடிக்ரோ, அவருக்கு மேல் ஒஹெனே, பல ஊர்கள் சேர்ந்த ஒரு நாட்டுக்கு ஒமன்ஹெனே என்று படிகள் உயர்கின்றன. அசாந்தே நாடுகள் எல்லாவற்றுக்கும் மேலே குமாசி நகரில் அசாந்தேஹெனே வீற்றிருக்கிறார். தாய்வழியாகக் குலம் எண்ணுவதும் கீழுள்ளவர்கள் கூடி மேலுள்ளவரைத் தேர்ந்தெடுப்பதும் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து அடாட் பெர்பாத்தே முறையை அறிந்தவர்களுக்குப் புதிதாக இராது. அங்கே ஒரு குடியின் மக்கள் கூடி புவாப்பா என்னும் குடித்தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்தடுத்த படிகளில் லெம்பாகாவும் உண்டாங்கும் வருகிறார்கள். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜோஹோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங்குகள் சேர்ந்து மாநில ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிரம்பானில் வாழும் தமிழர்கள் இதைப் பள்ளிப் பாடமாகவே படித்திருப்பார்கள்.

ஒவ்வொரு பெருந்தலைவரையும் சுற்றி நிற்கும் பதவிகள்தாம் அக்கான் முறையின் உயிர்நாடி என்பது என் கருத்து. ஒரு காலத்தில் போர்க்களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதிலிருந்து பிறந்தவை அவற்றில் பல. முன்னே சென்று வழி பார்ப்பவர் ட்வாஃபோஹெனே. நடுப்படையை நடத்துபவர் அடொந்தென்ஹெனே. வலப்பக்கம் நிஃபாஹெனேக்கும் இடப்பக்கம் பென்கும்ஹெனேக்கும் உரியவை. கடைசியில் வந்து, பின்தங்கியவர்களையும் காயம்பட்டவர்களையும் சேர்த்து அழைத்து வருவது சிடோம்ஹெனேயின் கடமை. படை புறப்பட்டுப் போனாலும் ஊரைவிட்டு நகராமல் அரண்மனையைக் காப்பவர் அங்கோபியாஹெனே. தலைவர் ஊரில் இல்லாதபோது அவருடைய இடத்தில் இருந்து காரியம் நடத்துபவர் க்ரொந்திஹெனே. அவருக்கு அடுத்த நிலையில் அக்வாமுஹெனே இருக்கிறார். போர்கள் ஓய்ந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் திருநாள் சபை கூடும்போது பெரிய பட்டுக் குடைகளின் கீழ் ஒவ்வொருவரும் தமக்குரிய பக்கத்தில்தான் அமர்கிறார்கள். வலப்பக்கத்தவர் இடப்பக்கம் போய் அமர முடியாது. இன்னார் எந்த ஊர்களுக்குப் பொறுப்பு, எந்த வழக்கை எவர் விசாரிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அமர்விலிருந்தே கூடியிருக்கும் மக்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அரண்மனைக்குள்ளும் இதே ஒழுங்குதான். ஜாசேஹெனே வீட்டுப் பணியாளர்களுக்கும் அரண்மனையின் அன்றாட நிர்வாகத்துக்கும் தலைவர். சனாஹெனே கருவூலத்தைக் காப்பவர். இப்பதவிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், பினாங்கில் ஓர் ஆலயத் திருவிழாவில் நான் கண்டது நினைவுக்கு வருகிறது. மேடையில் பலருக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் தந்து, ‘சமூகச் செம்மல்’ என்றும் ‘சேவைச் சிகரம்’ என்றும் பட்டம் சூட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் பின்னாலிருந்த அன்னதானக் கூடத்தில் கூரை ஒழுகி, சோற்று அண்டாவுக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் சமையல் வேலைக்கு வந்த பெண்கள். இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களைக் கேட்டேன். தலைவரிடம் சொன்னால் செயலாளரைப் பாருங்கள் என்கிறார், செயலாளர் திருப்பணிக் குழுவைக் கேளுங்கள் என்கிறார் என்றார்கள். ஜாசேஹெனே இருக்கும் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஒச்சியாமே என்னும் பதவியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தலைவரிடம் யாரும் நேரடியாகப் பேசக்கூடாது. தலைவரும் சபையில் நேரடியாக யாருக்கும் பதில் சொல்வதில்லை. வந்தவரின் வார்த்தையைத் தலைவருக்கும் தலைவரின் வார்த்தையைச் சபைக்கும் எடுத்துச் சொல்பவர் ஒச்சியாமே. தலைவர் சினத்தில் சொன்னதைப் பக்குவப்படுத்திச் சொல்வதும், முன்னோர் மொழிகளை இடமறிந்து எடுத்தாள்வதும், வழக்காறு தவறும்போது தலைவருக்கு நினைவூட்டுவதும் அவருடைய திறமை. அவர் கையில் உயரமான கோல் ஒன்று இருக்கும். மரத்தில் செதுக்கி, பொன் தகடு போர்த்திய உருவம் ஒன்று அதன் உச்சியில் அமைந்திருக்கும். முட்டையைப் பிடித்திருக்கும் கை அவ்வுருவங்களில் புகழ்பெற்றது. இறுகப் பிடித்தால் உடையும், தளர விட்டால் விழும். அதிகாரமும் அப்படித்தான் என்பது அதன் பொருள். இன்னொரு கோலில் சில தலைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஒரு தலை தனியே ஆலோசனை செய்ய முடியாது என்பது அது சொல்லும் செய்தி. இந்தக் கோல்களைச் சபையில் முதலில் பார்க்க வேண்டியவராக அமர்ந்திருப்பவர் தலைவரே.

அடுத்து ஒஹெமா, அதாவது அரசித் தாய். அவர் தலைவரின் மனைவி என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் தலைவரின் தாயாகவோ சகோதரியாகவோ தாய்வழியில் நெருங்கிய வேறொரு பெண்ணாகவோ இருப்பார். அக்கான் மக்களிடம் முக்காலியே பதவியின் அடையாளம். அவருக்கெனத் தனி முக்காலி உண்டு, தனி அவை உண்டு, தனி ஒச்சியாமேயும் உண்டு. பெண்கள் தொடர்பான வழக்குகளையும் குடும்ப வழக்குகளையும் அவர் விசாரிக்கிறார். தலைவரின் இடம் காலியானால் அரச குடும்பத்திலிருந்து தகுதியானவரை முன்மொழியும் உரிமை அவருக்கே உரியது. அதை ஏற்கவோ மறுக்கவோ மூத்தவர்களுக்கு அதிகாரம் உண்டு. சபையில் எல்லார் முன்னிலையிலும் தலைவரைக் கண்டிக்கும் உரிமையும் அரசித் தாய்க்கு உண்டு. 1900-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தே மக்களின் பொன் முக்காலியைக் கேட்டபோது, போருக்குத் தலைமை தாங்கியவர் எஜிசு ஊரின் அரசித் தாய் யா அசாந்தேவா. அசாந்தேஹெனேகூட அமரக்கூடாத, மக்கள் அனைவரின் உயிரும் அடங்கியிருப்பதாக நம்பப்படும் முக்காலி அது. யா அசாந்தேவா சிறைபிடிக்கப்பட்டு சேஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். 1921-இல் அங்கேயே காலமானார். நம் சங்கங்களில் மகளிர் அணித் தலைவி என்ற பொறுப்பு பெரும்பாலும் கோலப் போட்டியோடும் குத்துவிளக்கேற்றும் நிகழ்ச்சியோடும் முடிந்துவிடுகிறது. தலைவரை முன்மொழியவும் கண்டிக்கவும் உரிமையுள்ள ஒரு பெண் பொறுப்பாளரை எத்தனை சங்கங்களின் சட்டவிதிகளில் காண முடியும் என்று நம் சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் பதவியேற்கும் நாளில் நடப்பது என் மனத்தை மிகவும் கவர்ந்தது. புதிய தலைவரை முக்காலியில் அமர்த்துவதற்கு முன், மக்கள் விரும்பாதவை எவை என்று ஒச்சியாமே வழியாக அவருக்கு எடுத்துச் சொல்கிறார்கள். பேராசை கூடாது. எங்களைத் திட்டக்கூடாது. எங்களை முட்டாள்கள் என்று அழைக்கக்கூடாது. காது மந்தமாக இருக்கக்கூடாது. யாரையும் கேட்காமல் தன்னிச்சையாக எதையும் செய்யக்கூடாது. எப்போது வந்தாலும் ‘நேரமில்லை, நேரமில்லை’ என்று சொல்லக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் தலையசைத்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு இரவானாலும் பகலானாலும், மழையானாலும் வெயிலானாலும், மக்கள் அழைத்தால் வருவேன் என்று ஆணையிட வேண்டும். பாராட்டுரைகளை வரிசையாகக் கேட்டுவிட்டு நன்றியுரையோடு முடித்துக்கொள்ளும் நம் பதவியேற்பு விழாக்களில், அந்தக் கடைசி நிபந்தனையையாவது ஒருவர் எழுந்து நின்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சொல் தவறியவரை இறக்கும் முறையும் தெளிவாக இருக்கிறது. மூத்தவர்கள் குற்றச்சாட்டுகளை முன்வைப்பார்கள், விசாரணை நடக்கும், தலைவருக்கும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. முக்காலியின் சொத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும், மூத்தவர்களின் ஆலோசனையைத் தொடர்ந்து புறக்கணிப்பதும், குடிபோதையில் நிலை தவறுவதும் பதவியை இழக்கக் காரணங்களாகும். தலைவரின் வெறுங்கால் தரையில் படக்கூடாது என்பது அவர்கள் மரபு. குற்றம் உறுதியானால் அவருடைய காலணிகளைக் கழற்றிவிடுவார்கள். முக்காலியை இழுத்து அவரைத் தரையில் அமரச் செய்வார்கள். அந்தக் கணத்தோடு அவர் சாதாரண மனிதர். இது ஏட்டளவில் நின்ற விதி என்று யாரும் எண்ண வேண்டாம். 1874-இல் அசாந்தேஹெனேயாக இருந்த கோஃபி கரிகரி, முன்னோர் அடக்கத் தலத்திலிருந்த பொன்னை எடுத்தார் என்ற குற்றச்சாட்டில் பதவியிழந்தார். அப்போது அரசித் தாயாக இருந்தவர் அவரைப் பெற்ற தாய் அஃபுவா கோபி. அப்படியிருந்தும் கரிகரியால் முக்காலியைக் காத்துக்கொள்ள முடியவில்லை.

இதைப் படிக்கும் நம்மவர்களில் சிலர், இது ஆப்பிரிக்கர் வழக்கம், நமக்கென்ன என்று கேட்கக்கூடும். பட்டத்தைப் பணியோடு சேர்த்தே வழங்குவது நம் முன்னோருக்கும் தெரிந்த ஒன்றுதான். பழந்தமிழகத்தில் வணிகர்க்கு எட்டி, படைத்தலைவர்க்கு ஏனாதி, ஆட்சிப் பணியாளர்க்குக் காவிதி என்று அவரவர் தொழிலுக்கேற்பவே பட்டங்கள் வழங்கப்பட்டன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே வேலையைக் குறிக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்று அவை விதிக்கின்றன. அது பிராமணர் சபைக்கு உரிய விதி என்பதையும், ஊரின் எல்லா மக்களுக்கும் அதில் இடமிருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்ற அந்த ஒரு விதியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் சங்கங்கள் பல கடைப்பிடிக்கவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும் நேரத்தில் மண்டபத்தில் எத்தனை பேர் எழுந்து சாப்பிடப் போகிறார்கள் என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

பட்டத்துக்கும் பணிக்கும் இடையே இருந்த இந்தக் கட்டு தளரத் தொடங்கியது காலனி ஆட்சியில் என்று நான் கருதுகிறேன். பினாங்கில் பிரிட்டிஷார் கப்பித்தான்கள் என்னும் சமூகத் தலைவர்களை நியமித்தார்கள். ஜோர்ஜ்டவுனில் இந்திய முஸ்லிம் சமூகத்துக்குக் கப்பித்தான் கெலிங் என்ற பதவியில் இருந்தவரின் பெயரால் இன்றும் பள்ளிவாசல் நிற்கிறது. அவர்களில் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பதவி பதில் சொல்ல வேண்டிய இடம் மேலே, ஆளுநர் மாளிகையில் இருந்தது. தோட்டத்துக் கங்காணியும் அப்படித்தான்: ஆட்களை அழைத்து வந்தவர், ஆனால் துரையின் ஆள். கோல்ட் கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட கானாவிலும், அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரே தலைவர் என்ற நிலையைப் பிரிட்டிஷார் உண்டாக்கினார்கள். அசாந்தேஹெனே முதலாம் பிரெம்பே 1896-இல் கைது செய்யப்பட்டு, 1924 வரை நாட்டுக்கு வெளியே வைக்கப்பட்டார். இந்த அனுபவங்களுக்குப் பிறகு எழுதப்பட்ட 1992-ஆம் ஆண்டு கானா அரசியலமைப்பு, பாரம்பரியத் தலைமைக்கு உத்தரவாதம் அளிப்பதோடு, ஒரு தலைவருக்கு அங்கீகாரம் தருவதற்கோ அதைப் பறிப்பதற்கோ எவருக்கும் அதிகாரம் அளிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று தடுக்கிறது. தலைவர்கள் கட்சி அரசியலில் ஈடுபடக்கூடாது என்றும், நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க விரும்புகிறவர் முதலில் முக்காலியைத் துறக்க வேண்டும் என்றும் அதே அரசியலமைப்பு சொல்கிறது. ஆலயத் தலைவர் பதவியும் கட்சிக் கிளைத் தலைவர் பதவியும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் நம் ஊர்களில் இந்த விதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அக்கான் முறை குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. யார் உண்மையான வாரிசு என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. மக்களுக்காகக் காக்க வேண்டிய முக்காலி நிலத்தை விற்றார்கள் என்றும், ஆறுகளைக் கெடுக்கும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களுக்குத் துணைபோனார்கள் என்றும் சில தலைவர்கள் மீது குற்றச்சாட்டுகள் எழுந்துள்ளன. எதற்காகப் பதவி தரப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், அவர்கள் எதை மீறினார்கள் என்று மக்களால் சுட்டிக்காட்ட முடிகிறது. மறுபுறம், 1999-இல் பதவியேற்ற இன்றைய அசாந்தேஹெனே இரண்டாம் ஒசெய் டுட்டு, மாணவர்களுக்காகக் கல்வி நிதியத்தை நிறுவினார். கானாவின் வடக்கே, தம் இனத்தவர் அல்லாத டக்போன் மக்களிடையே பல ஆண்டுகள் நீடித்த வாரிசுப் பூசலைத் தீர்க்கும் மூவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2019-இல் அங்கே புதிய மன்னர் அமர்ந்தார்.

நம் விவாதத்துக்கு மிக நெருக்கமான ஒரு பட்டம் மிக அண்மைக் காலத்தது. 1985-இல் அன்றைய அசாந்தேஹெனே இரண்டாம் ஒபோக்கு வாரே என்கோசுவொஹெனே என்ற பதவியை உருவாக்கினார். இது வளர்ச்சிப் பணிக்கான தலைமைப் பதவி. அரச குடும்பத்தில் பிறக்காதவரும் பெறலாம், வெளிநாட்டவரும் பெறலாம். பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர் என்று அந்த ஊருக்குத் தேவையானதைக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. செல்வாக்குள்ளவரையும் செல்வரையும் கௌரவிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. அந்த ஆசையை ஓர் ஊரோடும் ஒரு வேலையோடும் அவர்கள் சேர்த்துக் கட்டினார்கள்.

அரசு வழங்கும் டத்தோ, டான் ஸ்ரீ விருதுகளைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அவற்றுக்குரிய ஒழுங்கு தனி, போலிப் பட்டங்களைத் தடுக்க 2017-இல் சட்டமும் வந்துவிட்டது. நான் கேட்பது நம் ஆலயங்களையும் சங்கங்களையும்தான். பட்டம் கொடுங்கள், ஆனால் அதோடு ஒரு பொறுப்பையும் எழுதிக் கொடுங்கள். கல்விக் காவலர் என்றால் எந்தத் தமிழ்ப்பள்ளியின் எந்தத் தேவைக்கு அவர் பொறுப்பு என்று குறிப்பிடுங்கள். சமூகச் செம்மல் என்றால் எந்தக் குடியிருப்பின் முதியோருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவரே எழுந்து, செய்ததைச் சபைக்குச் சொல்லட்டும். செய்யவில்லை என்றால் பட்டத்தைத் திரும்பப் பெறும் விதியும் சட்டவிதிகளில் இருக்கட்டும். உழைக்க மனமுள்ளவர் இதற்கு அஞ்ச மாட்டார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டமளிப்பு விழாப் படங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, பட்டம் பெற்றவர் ஏற்றுக்கொண்டுள்ள பொறுப்பு என்ன என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டு, படத்தின் கீழே பெயருக்கு அடுத்த வரியில் அதையும் அச்சிடுங்கள். பொறுப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் படத்துக்குரிய இடத்தை, பட்டம் எதுவும் பெறாமல் ஆலயச் சமையற்கூடத்தில் ஆண்டுதோறும் உழைக்கும் ஒருவரைப் பற்றிய செய்திக்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு